கறுப்புக் கண்ணாடியா, தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டா? வீட்டு வாசலில் கார் வெல்டிங் செய்பவருக்கு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களுக்குத் துருதான் தீராத வியாதி. கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டையை உப்புக்காற்று உள்ளிருந்தே தின்னும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால், கார்பெட்டுக்கு அடியில் தங்கிய ஈரம் ஃப்ளோர் தகட்டைச் சல்லடையாக்கியிருக்கும். ஒரு சின்ன சிஓ2 (மிக்) இன்வர்ட்டர் வெல்டிங் மெஷினை வாங்கிப் போட்டு வாசலிலேயே பேட்ச் அடித்துவிடலாம் என்று துணிபவர், மெஷினுக்காகப் பத்து நாள் யோசிப்பார். ஹெல்மெட்டைப் பத்து நிமிடத்தில் வாங்கிவிடுவார். "எல்லாம் ஒண்ணுதான் சார், இது ஆட்டோ டார்க்" என்று கடைக்காரர் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது.

எல்லாம் ஒன்றல்ல. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "1/25000 விநாடி" என்று கண்ணாடி கறுக்கும் வேகத்தைப் போட்டிருப்பார்களே, கார் வேலைக்கு அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முன்னால் பார்க்க வேண்டியவை வேறு மூன்று. ஆர்க் (வெல்டிங் மின்சுடர்) இல்லாதபோது கண்ணாடி வழியே எவ்வளவு தெரிகிறது? சென்சார்கள் எந்த இடத்தில் இருக்கின்றன? முன்பக்க வெள்ளைக் கண்ணாடி தனியாகக் கிடைக்குமா? பெட்டியில் இவை சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

தகட்டின் கணக்கு

கார் பாடித் தகடு பொதுவாக 0.7 முதல் 1 மி.மீ. கனம். சில் பட்டையின் உள்தகடும் சேசிஸ் பெட்டிகளும் 1.2 முதல் 2 மி.மீ. வரை இருக்கும். 0.8 மி.மீ. வயரை வைத்து 40–70 ஆம்பியரில் இந்தத் தகட்டில் நீளமாகக் கோடு இழுத்தால் ஓட்டை விழும், தகடும் நெளியும். அதனால் புள்ளி புள்ளியாகத்தான் வைக்க வேண்டும்: ஒரு இடத்தில் ஒரு விநாடிக்குள் ஒரு டேக், அங்கிருந்து மூன்று செ.மீ. தள்ளி அடுத்தது, ஆறியபின் இடைவெளியை நிரப்புவது.

20க்கு 15 செ.மீ. பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 70 செ.மீ. ஒரு புள்ளி 5 மி.மீ. இடத்தை அடைக்கிறது என்றால் 140 புள்ளிகள். 140 தடவை ஆர்க் பிடித்து, 140 தடவை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் டார்ச் முனை எங்கே நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஹெல்மெட்டைப் பற்றிய எல்லா முடிவும் இந்த 140-லிருந்துதான் வருகிறது.

கறுப்புக் கண்ணாடி: ஒதுக்கிவிட வேண்டாம்

லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் எந்த வெல்டிங் சாமான் கடையிலும் கையில் பிடிக்கும் ஷீல்டும் தலையில் மாட்டும் சாதா ஹெல்மெட்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி (நம்பர் கூடக் கூடக் கறுப்பும் கூடும்), அதைத் தெறிப்பிலிருந்து காக்க ஒரு வெள்ளைக் கண்ணாடி. நாலேகால்–மூணேகால் அங்குலம், நாலேகால்–ரெண்டு அங்குலம் என்ற இரண்டு அளவுகளும் எங்கும் கிடைக்கும். பேட்டரி கிடையாது, சென்சார் கிடையாது, ஆகவே கெட்டுப்போகவும் ஒன்றும் கிடையாது. நல்ல கறுப்புக் கண்ணாடி தரும் பாதுகாப்பு எந்த விலையுயர்ந்த ஹெல்மெட்டுக்கும் குறைந்ததல்ல.

கஷ்டம் 140-ல் வருகிறது. கை ஷீல்டு ஒரு கையைப் பிடுங்கிக்கொள்ளும். பேட்ச் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். தலை ஹெல்மெட் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் கழுத்தை வெட்டி மூடியைக் கீழே தள்ள வேண்டும். அந்த வெட்டில் டார்ச் முனை மூன்று மி.மீ. நகர்ந்தால் போதும், 0.8 தகட்டில் இணைப்பை விட்டுத் தள்ளி ஓட்டை விழும். டிங்கரிங் கடையில் இருபது வருடம் கைபழகியவருக்கு இது பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் டார்ச் பிடிப்பவருக்கு அதுவே பாதி நாளைத் தின்றுவிடும்.

சைலன்சர் பிராக்கெட், டோயிங் கொக்கி, 3 மி.மீ. ஆங்கிளில் ஸ்டாண்டு என்று ராடு வெல்டிங் மட்டும்தான் செய்யப்போகிறீர்கள், அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவை என்றால், சாதா ஹெல்மெட்டே போதும். கறுப்புக் கண்ணாடி மட்டும் மேலே மடங்கும் மாடலாகப் பாருங்கள். மடக்கினால் கீழே வெள்ளைக் கண்ணாடி இருக்கும். கசடு தட்டும்போது முகம் மூடியிருக்கும்.

வேகம் பற்றிய பயம்

"அந்த ஒரு நொடியில் கறுக்காவிட்டால் கண் போய்விடுமே" என்பதுதான் ஆட்டோ ஹெல்மெட்டுக்கு எதிராக எல்லோரும் சொல்லும் வாதம். முறையான ஹெல்மெட்டில் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுப்பது கறுக்கும் திரையல்ல. திரைக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் பூச்சுக் கண்ணாடி அந்த வேலையைச் செய்கிறது. பேட்டரி செத்திருந்தாலும், சுவிட்ச் அணைந்திருந்தாலும் அது வேலை செய்யும். கறுக்கும் திரை மட்டுப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டுமே. அது ஒரு தடவை தவறினால் கண் கூசும், சற்று நேரம் பச்சைப் பொட்டு தெரியும். ஆனால் கருவிழி வெந்து உறுத்தும் 'வெல்டிங் அடித்த கண்' ஆகாது. இது தரக்குறி உள்ள கண்ணாடிக்குத்தான் பொருந்தும். குறியே இல்லாத சரக்கில் அந்தப் பூச்சு இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. மலிவு ஹெல்மெட்டில் உண்மையான ஆபத்து வேகத்தில் அல்ல, இங்கேதான் இருக்கிறது.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1/10000 என்றால் 0.1 மில்லி விநாடி. 1/25000 என்றால் 0.04. வித்தியாசம் 0.06 மில்லி விநாடி. 140 புள்ளிக்கும் சேர்த்து 8.4 மில்லி விநாடி. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 1/10000-க்குக் கீழே போகாதீர்கள். அதற்கு மேல் வேகத்துக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மூணா நாலா

ஷேடு எண் ஒவ்வொன்று கூடும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 2.7 மடங்கு குறையும். ஆர்க் இல்லாத நிலையில் 4 நம்பர் கண்ணாடி சுமார் 5 சதவீத வெளிச்சத்தை விடும், 3 நம்பர் சுமார் 14 சதவீதத்தை. சந்தையில் பெரும்பாலானவை 4. திறந்த வெளியில், பானெட் மேல் வேலை என்றால் 4 தாராளம். ராயபுரத்துச் சந்தில் இரண்டு சுவருக்கு நடுவே நிற்கும் காரின் ஃப்ளோருக்கு அடியில் படுத்துக்கொண்டு 5 சதவீத வெளிச்சத்தில் இணைப்பைத் தேடுவது வேறு சங்கதி. 3 நம்பர் மாடல் கிடைத்தால் வாங்குங்கள். 4 என்றால் காந்த அடி உள்ள எல்இடி விளக்கு ஒன்றைக் கூடவே வாங்கி, வேலை செய்யும் இடத்துக்கு ஒரு சாணுக்குள் ஒட்டிவிடுங்கள். நாலாம் நம்பர் கண்ணாடியின் குறையைப் பாதிக்குமேல் அந்த விளக்கே தீர்த்துவிடும்.

கறுத்த நிலை 9–13 என்று மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 11-ல் நிலைத்த மலிவு மாடல்கள் உண்டு; கார் தகட்டுக்கு அவை உதவாது. அமெரிக்கப் பாதுகாப்பு அட்டவணைப்படி 60 ஆம்பியருக்குக் கீழ் மிக் வெல்டிங்குக்குக் குறைந்தபட்சம் 7. 60–160 ஆம்பியருக்குக் குறைந்தபட்சம் 10, பரிந்துரை 11. நடைமுறையில் 1 மி.மீ. தகட்டுக்கு 9 அல்லது 10, சேசிஸ் பெட்டிக்கு 11. 2.5 மி.மீ. ராடு 60–90 ஆம்பியரில் ஓடும்போது 10. அதிகக் கறுப்பு அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து 13-ல் வைத்தால் இணைப்பே தெரியாது, டார்ச் வழி தவறும். கதிர்த் தடுப்பு 9-லும் 13-லும் ஒன்றுதான். கறுப்பாகத் தொடங்கி, உருகும் குட்டையின் ஓரம் தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து வாருங்கள். வேலை முடிந்து கண் உளைந்தால் ஒரு எண் ஏற்றுங்கள்.

கேஸ் வெல்டிங்கில் பித்தளை பிரேஸிங்கும் செய்பவர் 5–9/9–13 என்று இரண்டு நிலை உள்ள மாடலைப் பார்க்கலாம். ஆனால் கேஸ் சுடரின் வெளிச்சம் பல ஹெல்மெட்டுகளின் சென்சாரைத் தட்டி எழுப்பாது. அந்த வேலைக்குத் தனியாக ஒரு 5 நம்பர் காகிள்ஸ் மலிவு, நம்பகமும்கூட.

சென்சார் எங்கே

இரண்டு சென்சார், நான்கு சென்சார் என்று எண்ணிக்கையைத்தான் சொல்லி விற்பார்கள். எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். இரண்டு சென்சாரும் கண்ணாடிக்கு மேல் ஓரத்தில் அருகருகே இருந்தால், காருக்கு அடியில் படுத்திருக்கும்போது ஒரு சைலன்சர் பைப்போ கிராஸ் மெம்பரோ இரண்டையும் ஒரே நேரத்தில் மறைத்துவிடும். உங்கள் கண்ணுக்கு ஆர்க் தெரியும், சென்சாருக்குத் தெரியாது, கறுக்காது. சில சமயம் உங்கள் கையே மறைக்கும். நான்கில் இரண்டு மேலும் இரண்டு கீழுமாக, அல்லது நான்கு மூலையிலும் பிரிந்திருந்தால் ஏதாவது ஒன்றுக்கு ஆர்க் தெரிந்துவிடும். சில் பட்டை, வீல் ஆர்ச், ஃப்ளோர் என்று எல்லாமே கீழ்ப்பக்க வேலையாக இருக்கிற கார்காரருக்கு நான்கு சென்சார் ஆடம்பரமல்ல. மேசை மேல் கேட் செய்பவருக்கு இரண்டு போதும்.

"டிக் 5 ஆம்பியர்" என்று சில பெட்டியில் இருக்கும். டிக் என்பது டங்ஸ்டன் முனையால், மிகச் சிறிய மின்னோட்டத்திலும் செய்யும் வெல்டிங். மிக் ஆர்க் 40 ஆம்பியரிலும் நல்ல பிரகாசம். அதை எந்தச் சென்சாரும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் சைலன்சரை 20 ஆம்பியர் டிக்கில் ஒட்டப்போகிறவர் மட்டும் அந்த எண்ணைப் பார்த்தால் போதும்.

குமிழ்கள் மூன்று வேண்டும்: ஷேடு, சென்சிட்டிவிட்டி, டிலே. டிலே என்பது ஆர்க் அணைந்தபின் எவ்வளவு நேரம் கழித்துத் தெளிய வேண்டும் என்பது, 0.1 முதல் 1 விநாடி வரை இருக்கும். புள்ளி வேலைக்கு 0.2 பக்கம் வையுங்கள், அடுத்த இடத்தை உடனே பார்க்கலாம். தடித்த தகட்டில் உருகிய இரும்பு ஆர்க் போனபிறகும் கனன்றுகொண்டிருக்கும். அங்கே அரை விநாடிக்கு மேல்.

எந்த விலைக்கு எது

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஹெல்மெட்டில் கண்ணாடி ஜன்னல் 92க்கு 42 மி.மீ., இரண்டு சென்சார், தெளிந்த நிலை 4. சோலார் பட்டை தெரியும். பேட்டரி உள்ளே ஒட்டி அடைக்கப்பட்டிருக்கும். அந்தப் பேட்டரி ஓய்ந்த அன்று ஹெல்மெட்டும் ஓய்ந்தது. சோலார்தான் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது ஆர்க் வெளிச்சத்தில் துணை செய்யும், அவ்வளவுதான்; ஆர்க் பிடிக்கும் முதல் கணத்தில் திரையை எழுப்புவது பேட்டரி. வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் வீட்டு ஹெல்மெட்டுக்கு இது பெரிய குறை. ஒரு பேட்ச், இரண்டு பேட்ச் என்று கைவைத்துப் பார்ப்பவர் தரக்குறி இருந்தால் இதை எடுக்கலாம். கார் முழுக்கத் துரு எடுக்கப்போகிறவர் வேண்டாம்.

சில ஆயிரம் ரூபாய் நடுத்தர வரிசையில்தான் கார் வேலைக்குரிய ஹெல்மெட் இருக்கிறது. ஜன்னல் 100க்கு 60 மி.மீ. பக்கம், நான்கு சென்சார், வெளியிலிருந்து மாற்றும் பேட்டரி, கிரைண்டிங் பட்டன் (தேய்க்கும்போது பொறிக்குக் கறுக்காமல் வைப்பது). பேட்டரி எந்த ரகம் என்று கேளுங்கள். ஏஏஏ தெருமுனைப் பொட்டிக்கடையில் கிடைக்கும். சிஆர்2032 வாட்ச் கடையில் கிடைக்கும். சிஆர்2450 என்றால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்தி, ஞாயிற்றுக்கிழமை அலையாமல் இருக்கலாம்.

ஜன்னல் பெரிதாகப் பெரிதாக நல்லதுதானே என்றால், ஓரளவுக்கு. 92க்கு 42 வழியாகக் காருக்கு அடியில் பார்ப்பது தபால் பெட்டி வாய் வழியாகப் பார்ப்பதைப் போல. டார்ச் தெரியும், பக்கத்தில் தீப்பிடிக்கும் அண்டர்கோட்டிங் தெரியாது. 100க்கு 60-ல் இரண்டும் தெரியும். அதற்கும் மேல் 95க்கு 85 போன்ற பெரிய ஜன்னல்களில் எடை கூடும், முன்கண்ணாடியின் விலையும் கூடும்.

3எம் ஸ்பீட்கிளாஸ், ஈசாப் சென்டினல், லிங்கன் வைக்கிங் போன்ற பெரிய பெயர்கள் அடுத்த படி. தானாகக் கறுக்கும் கண்ணாடியை 1981-ல் ஸ்வீடனிலிருந்து ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில்தான் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 3எம் கைக்கு அது வந்தது 2004-ல். இந்த வரிசையில் பணம் எங்கே போகிறது என்றால் கண்ணாடியின் தெளிவு, தலைப்பட்டையின் சொகுசு, பத்து வருடம் கழித்தும் கிடைக்கும் உதிரி. தினம் எட்டு மணி நேரம் மாட்டியிருப்பவருக்கு அது சம்பளத்தில் திரும்பி வரும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாட்டுபவர் அந்தப் பணத்தில் நல்ல எர்த் கிளாம்ப், ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி, தோல் கையுறை எல்லாம் வாங்கிவிடலாம்.

ஆட்டோ டார்க் காகிள்ஸ் என்றும் ஒன்று விற்கிறது. காருக்கு அடியில் ஹெல்மெட் தாடை எல்லாவற்றிலும் இடிக்கும்போது ஆசை வரும். அது கண்ணை மட்டும்தான் மூடும். முகத்தோலும் கழுத்தும் ஒரே மதியத்தில் வெயிலில் வெந்த மாதிரி சிவந்து உரியும். மல்லாந்து படுத்தால் தெறிப்பு காதுக்குள் போகும். முகம், காது, கழுத்து மூன்றையும் மூடும் தோல் முகமூடியோடு சேர்த்து வாங்குவதென்றால் சரி, தனியாக வேண்டாம்.

குறியைப் படிப்பது

கண்ணாடிச் சட்டத்திலேயே ஒரு வரி அச்சிட்டிருக்கும்: 4/9-13, பிறகு தயாரிப்பாளரின் குறி, பிறகு 1/1/1/2/379 என்பது போல. முதல் பகுதி தெளிந்த நிலையும் கறுத்த நிலையும். கடைசி 379 ஐரோப்பியத் தரத்தின் எண். நடுவில் இருக்கும் நான்கு எண்கள் வரிசையாகக் காட்சித் தெளிவு, ஒளிச் சிதறல், கறுப்பின் சீர்மை, சாய்த்துப் பார்க்கும்போது மாறாமை. ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை, 1 சிறந்தது.

கார்காரர் நான்காவது எண்ணைப் பாருங்கள். மேசை வேலையில் நேராகப் பார்க்கிறோம். வீல் ஆர்ச்சுக்குள் தலையைத் திணித்துக் கண்ணாடியின் மூலை வழியாகப் பார்க்கிறோம். அது 3 என்றால் மூலையில் கறுப்பு வெளுத்து ஆர்க் கூசும். 1/1/1/2 தாராளம். 1/1/1/1 இருந்தால் சந்தோஷம். புதிய தயாரிப்புகளில் இந்தக் குறிக்குப் பதிலாக இஎன் ஐஎஸ்ஓ 16321 என்ற தரத்தின் குறி இருக்கலாம். இந்தியத் தரமான ஐஎஸ் 1179 வெல்டிங்கில் கண், முகப் பாதுகாப்புக்கானது. பெட்டியில் மட்டும் குறி இருந்து கண்ணாடியில் இல்லை என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெல்மெட்டின் கூட்டில் எஃப் அல்லது பி என்று ஓர் எழுத்தும் இருக்கும். விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சிறு இரும்புக் குண்டைத் தாங்கினால் எஃப், 120 மீட்டர் என்றால் பி. கட்டிங் வீல் உடைந்து முகத்துக்கு வருவது கார் வேலையில் நடக்கக்கூடிய ஒன்று. கிரைண்டிங் செய்ய பி இருந்தால் நல்லது. எது இருந்தாலும் உள்ளே ஒரு சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

கடையில் ஐந்து நிமிடம்

வாங்குவதற்கு முன் தலையில் மாட்டுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதோடு மாட்டுங்கள். சட்டம் கன்னத்தில் இடிக்கிறதா, தாடைக்குள் மாஸ்க் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியை மேலே தூக்கித் தலையைக் குனியுங்கள். தானாக விழுந்தால் பக்கவாட்டுத் திருகு சரியில்லை.

சக்கரத்தில் உரசும் சிகரெட் லைட்டரைச் சென்சார் முன்னால் உரசுங்கள். பொறிக்குப் பல மாடல்கள் சட்டென்று கறுத்துத் தெளியும். ஒவ்வொரு முறையும் ஒரு சென்சாரை மட்டும் விட்டு மற்றவற்றை விரலால் மூடிக்கொண்டு இதைச் செய்தால் எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரிந்துவிடும். கைபேசி வெளிச்சத்துக்குக் கறுக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். அதற்குக் கறுக்காதவையும் நல்லவையாக இருக்கலாம். டெஸ்ட் பட்டன் இருந்தால் கறுத்த நிலையில் ஒரு ட்யூப்லைட்டைப் பாருங்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் கறுப்பு ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு முழத்தில் செய்தித்தாளைப் பிடித்துத் தெளிந்த நிலையில் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

நாற்பதைத் தாண்டியவருக்கு ஒரு கூடுதல் கேள்வி: உள்ளே உருப்பெருக்கி மாட்டும் பள்ளம் இருக்கிறதா? 51க்கு 108 மி.மீ. அளவில், 1.00 முதல் 2.50 வரை பவரில் தனியாக விற்கும். இரண்டு பார்வைக் கண்ணாடி போடுபவர் மேசையில் சமாளிப்பார், கிட்டப்பார்வைப் பகுதி கீழே இருப்பதால். மல்லாந்து படுத்து மேலே பார்க்கும்போது தூரப்பார்வைப் பகுதி வழியாகப் பார்க்க நேரும், இணைப்பு மங்கும். குறை ஹெல்மெட்டில் என்று நினைத்து இரண்டாவது ஹெல்மெட் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

கடைசியாக, முன்பக்க வெள்ளைக் கண்ணாடி. பாலிகார்பனேட் தகடு; ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அளவு. சிஓ2 இல்லாமல் ஃப்ளக்ஸ் வயர் ஓட்டுபவருக்குத் தெறிப்பு அதிகம், இரண்டு மூன்று பேட்சிலேயே பார்வை மங்கும். "தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். "வரவழைச்சுத் தரேன்" என்று பதில் வந்தால் அந்த மாடல் வேண்டாம். கிடைத்தால் ஹெல்மெட்டோடு சேர்த்து வெளித்தகடு ஐந்து, உள்தகடு இரண்டு வாங்கிவிடுங்கள். வெளித்தகடு இல்லாமல் ஒரு தடவை ஓட்டினால் தெறிப்பு திரைக் கண்ணாடியிலேயே பதியும், அதற்கு மருந்தில்லை.

வேலையில் வரும் தகராறுகள்

வாசலில் உச்சி வெயிலில் ஹெல்மெட் கறுத்தே நின்றால் அது கெடவில்லை. சூரியனை ஆர்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள், அல்லது மேலே தார்ப்பாய் கட்டுங்கள். நிழலுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

வெல்டிங்கின்போது மினுக்கினால் முதலில் சென்சார் மேல் புகை படிந்திருக்கிறதா என்று துடையுங்கள். பிறகு டிலேயைக் கொஞ்சம் கூட்டுங்கள். சிறிய மின்னோட்டத்தில் மிக் ஆர்க் விநாடிக்குப் பல பத்துத் தடவை அணைந்து பிடிக்கும். டிலே மிகக் குறைவாக இருந்தால் திரையும் கூடவே ஆடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று சென்சாரை மறைக்கிறது, தலையைச் சற்று நகர்த்துங்கள்.

கிரைண்டிங் நிலையில் வைத்துவிட்டு அப்படியே ஆர்க் பிடிப்பது எல்லோருக்கும் நேரும் தவறு. சில மாடல்களில் கிரைண்டிங் நிலையில் சின்ன விளக்கு மினுக்கும். அந்த விளக்கு உள்ள மாடலுக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

மல்லாந்து படுத்தால் பின்மண்டையில் இருக்கும் இறுக்கும் குமிழ் தரையில் முட்டி ஹெல்மெட் முன்னே தள்ளும். நாலாக மடித்த கோணிப்பையைக் கழுத்துக்கு அடியில் வைத்து, குமிழ் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். வியர்வை வேறு. சென்னைப் புழுக்கத்தில் நெற்றிப்பட்டை ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். கழற்றித் துவைக்கக்கூடிய பட்டையாக இருந்தால் இரண்டு வைத்து மாற்றிக்கொள்ளலாம். மூச்சு மேலே ஏறிக் கண்ணாடி உள்ளே பனிக்கிறது என்றால் வால்வு உள்ள மாஸ்க் போடுங்கள். எப்படியும் மாஸ்க் தேவை: புதிய கார்த் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கும், அந்தப் புகை அன்று இரவே குளிர்க்காய்ச்சல் தரும். அண்டர்கோட்டிங் புகையும் சேர்ந்து வரும். ஹெல்மெட் புகையைத் தடுக்காது.

ஆர்க்கைப் பார்த்துவிட்ட கண் உடனே வலிக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், மண் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கும் நேரத்தில் அதன் மேல் எதையும் விடக் கூடாது. வலி தெரியாமலிருக்க மரப்புச் சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடுவதும் ஆபத்து. வடசென்னைக்காரருக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தூரமில்லை. 1819-லிருந்து கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் இடம். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகும், ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இந்தக் கண்வலி ஹெல்மெட் மாட்டியவரைவிட வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் அதிகம் வரும். தெருவில் கார் என்றால் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும். வண்டியின் திறந்த பக்கங்களில் பழைய தகர ஷீட்டைச் சாய்த்து வையுங்கள். அதனால் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு: பின்னாலிருந்து வெளிச்சம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் பிரதிபலிப்பது நிற்கும், இணைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும்.

துடைக்கும்போது தின்னர் வேண்டாம். பெயின்ட் வேலை நடக்கும் இடத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அதுதான் இருக்கும், கை தானாகப் போகும். பாலிகார்பனேட் அதில் பட்டால் நுண்விரிசல் விட்டு வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். வேலை முடிந்ததும் காரின் பின்சீட்டில் போட்டு வைக்காதீர்கள். இவற்றின் வேலை வெப்பம் பெரும்பாலும் 55 டிகிரி வரைதான், மே மாதத்தில் மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். திரையில் திட்டுத்திட்டாகக் கறை விழும். துணிப்பையில் போட்டு வீட்டுக்குள் ஆணியில் மாட்டுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி அதே பையில் போடுங்கள், உப்புக்காற்றில் முனை பச்சை பூக்காது.